‘இஃப்’புக்கு முன்னால் எது நிற்கும்?

மதிப்புக்குரிய சேர்,

நான் தம்பிலுவில் பக்கம் 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன கிழமை ‘குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் சிறுபோகம் செய்வோம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பாதி வகுப்பு ‘இஃப் தி டாங்க் ஹாஸ் வோட்டர் ஒன்லி’ என்று எழுதியிருந்தது. சிலர் ‘இஃப் ஒன்லி தி டாங்க் ஹாஸ் வோட்டர்’ என்று எழுதியிருந்தார்கள். ‘ஒன்லி இஃப்’ என்று திருத்திக் கொடுத்தேன். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘ஈவன் இஃப்’, ‘ஈவன் தோ’ இரண்டிலும் இதே இழுபறிதான். இன்னொன்று: ‘ஐ வில் ஒன்லி கம் இஃப் யூ கோல் மீ’ என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி வெட்டினேன். வெட்டியது சரியா?

ஓர் ஆசிரியை

அன்பின் ஆசிரியைக்கு,

ஏன் என்று கேட்ட அந்தப் பிள்ளையை முதலில் பாராட்டிவிடுங்கள். இலக்கணம் படிப்பிக்கிறவருக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

உங்கள் வகுப்பு தமிழை ஒழுங்காகக் கேட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறது. நாங்கள் ‘இருந்தால்’ என்று சொல்லி முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் வந்து ஒட்டும். இருந்தால்தான், இருந்தால் மட்டும், இருந்தாலும், இருந்தாலாவது. வாக்கியத்தைத் தொடங்கும்போதே இது எந்த மாதிரியான நிபந்தனை என்று முடிவு செய்திருக்கத் தேவையில்லை, ‘இருந்தால்’ வரை போய்விட்டுக்கூட யோசிக்கலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. அங்கே நிபந்தனை ‘இஃப்’பில் தொடங்குகிறது. முழு நிபந்தனையையும் கட்டுப்படுத்த வேண்டிய சொல் அதற்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆகவே ‘இஃப்’ என்று வாய் திறக்கும் முன்பே ‘ஒன்லி’யா ‘ஈவன்’னா என்று தீர்மானித்துவிட வேண்டும். பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தமிழ் வாக்கியத்தில் ‘ஆல்’ என்பதற்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார், அதைக் கழற்றி ‘இஃப்’புக்கு முன்னால் வை.

கழற்றாமல் கடைசியிலேயே விட்டால் என்ன ஆகும்? ‘வோட்டர் ஒன்லி’ என்று எழுதியதும் அந்த ‘ஒன்லி’ தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கதவில் ‘ஸ்டாஃப் ஒன்லி’ என்று எழுதியிருந்தால் ஊழியர்கள் மட்டும் என்று படிக்கிறோம் அல்லவா? அதே கணக்குத்தான். ‘சாகாமக் குளத்தில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாவிட்டால், மீனும் இல்லை தாமரையும் இல்லை என்றால், சிறுபோகம் செய்வோம்’ என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் விளங்கிக்கொள்ள இடமிருக்கிறது.

‘ஒன்லி’ இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை அழுத்திச் சொல்லிக்கொடுங்கள். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள் விதைப்பு, எப்போது தண்ணீர் திறப்பது என்று அங்கேதான் முடிவாகிறது. ‘தண்ணீர் இருந்தால் செய்வோம்’ என்றால் அது வாக்குறுதி. தண்ணீர் இருந்தும் செய்யவில்லை என்றால் வாக்குத் தவறியதாகிவிடும். ‘தண்ணீர் இருந்தால்தான் செய்வோம்’ என்பதில் அந்த வாக்குறுதி இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் செய்யமாட்டோம் என்பது மட்டும்தான் அதில் உறுதி. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த பிறகு வந்த பெரும்போகத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது என்று நமது பக்கத்து வயல் வட்டைகளெல்லாம் கண்டுகொண்டன. விவசாயிகள் சங்கத்துக் கடிதத்தை நாளை ஆங்கிலத்தில் எழுதப் போகிறவர்கள் உங்கள் வகுப்புப் பிள்ளைகள்தான். ஒரு ‘ஒன்லி’ விடுபட்டால் கடிதம் வேறு பொருள் சொல்லும்.

அப்புறம் அந்த ‘இஃப் ஒன்லி’. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு சொற்களும் இடம் மாறியதும் நிபந்தனை ஏக்கமாகிவிடுகிறது. ‘இஃப் ஒன்லி இட் ஹாட் ரெயின்ட்’ என்றால் ‘மழை மட்டும் பெய்திருந்தால்!’ என்று பெருமூச்சு விடுவது. இப்போது தமிழைக் கவனியுங்கள். ‘மழை பெய்தால் மட்டும் விதைப்போம்’ என்பது நிபந்தனை. ‘மழை மட்டும் பெய்திருந்தால் இந்நேரம் விதைத்திருப்போம்’ என்பது ஏக்கம். இங்கேயும் ‘மட்டும்’ இடம் மாறியதும் பொருள் மாறிவிட்டது! ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ பின்னால் போய் ஏக்கமாகிறது, தமிழில் ‘மட்டும்’ முன்னால் வந்து ஏக்கமாகிறது. பிள்ளைகளுக்குப் புதிதாக எதையும் புகட்ட வேண்டாம். வீட்டில் அம்மா ‘மழை மட்டும் பெஞ்சிருந்தா’ என்று சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள். இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதி, ‘மட்டும்’ எங்கே நிற்கிறது என்று வட்டம் போடச் சொல்லுங்கள். வினைச்சொல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்: நடக்காமல் போனதற்கு ஏங்கும்போது தமிழில் ‘பெய்திருந்தால்’ வருவது போல ஆங்கிலத்திலும் ‘ஹாட்’ வந்துவிடும்.

‘ஈவன் இஃப்’, ‘ஈவன் தோ’ குழப்பத்துக்குக் காரணம் நமது ‘ஆலும்’. ‘அவர் பணக்காரராக இருந்தாலும்’ என்றால் அவர் உண்மையில் பணக்காரரா, ஒரு பேச்சுக்குச் சொல்கிறோமா என்று தமிழில் சொல்லாமலே விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடந்தது, தெரிந்தது என்றால் ‘ஈவன் தோ’. நடக்குமோ நடக்காதோ தெரியாது, அல்லது நடக்காது என்றால் ‘ஈவன் இஃப்’. சோதித்துப் பார்க்க ஒரு வழி: ‘பெய்தாலும்’ என்ற இடத்தில் ‘பெய்தும்’ என்று போட்டுப் பாருங்கள். ‘மழை பெய்தும் குளம் நிறையவில்லை’ பொருந்துகிறது, ஆகவே ‘ஈவன் தோ’. ‘மழை பெய்தும் குளம் நிறையாது’ என்று, இனிமேல் பெய்யப்போகிற மழையைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், ஆகவே அங்கே ‘ஈவன் இஃப்’.

‘எஸ்பெஷலி இஃப்’ பற்றிக் கவலைப்பட வேண்டாம். ‘குறிப்பாக மழை பெய்தால்’ என்று தமிழிலும் முன்னால்தான் வருகிறது, ஒருவரும் பிழைவிடமாட்டார்கள். உயர்தரத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று: ‘ஒன்லி இஃப்’ வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அடுத்த பகுதியில் ‘வீ வில்’ என்பது ‘வில் வீ’ என்று கேள்வி போலப் புரளும். ‘ஒன்லி இஃப் இட் ரெயின்ஸ் வில் வீ சோ’, அதாவது ‘மழை பெய்தால்தான் விதைப்போம்’. ‘ஈவன் இஃப்’ வந்தால் அப்படிப் புரளாது.

கடைசியாக, நீங்கள் வெட்டிய புள்ளி. ‘ஐ வில் ஒன்லி கம் இஃப் யூ கோல் மீ’ சரியான ஆங்கிலம்தான். ‘ஒன்லி’ வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பின்னால் வரும் ‘இஃப்’ பகுதியைக் குறிக்கும், குரல் ஏறி இறங்குவதில் அது விளங்கிவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் பேச்சில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘ஒன்லி’யை உரிய இடத்துக்கு ஒட்டியே வைக்க வேண்டும் என்பது எழுத்துக்குப் பழைய இலக்கண நூல்கள் சொன்ன கண்டிப்பு. சங்கக் கடிதம், அறிவித்தல் என்று வரும்போது அந்தக் கண்டிப்பை நானும் விரும்புகிறேன், ஏனென்றால் எழுத்தில் குரல் கேட்காது. வகுப்புக் கொப்பியில் அதற்காகப் புள்ளி குறைக்கக் கூடாது. நாளைக்கே அந்தக் கொப்பியை வாங்கி முழுப் புள்ளியையும் போட்டுக் கொடுங்கள், ‘ஐ வில் கம் ஒன்லி இஃப் யூ கோல் மீ’ என்பதையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.