ஏர் ரைபிள் போட்டி நடத்துகிற வேலை: டீச்சரிடம் கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் போட்டி நடக்கும்போதெல்லாம் 16 வருடமாகச் சுடும் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறேன். ரேஞ்ச் ஆபீசர் வேலை (சுடும் கோட்டில் கட்டளை சொல்லி, பாதுகாப்பைப் பார்க்கிறவர்), ஸ்கோர் பார்க்கிற வேலை, ஆள் வராத அன்றைக்கு மேசை தூக்குகிற வேலை எல்லாம் செய்திருக்கிறேன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் நான் டீச்சர். அடுத்த போட்டிக்கு ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். எப்படிச் சுடுவது என்பதை உங்கள் கோச்சிடம் கேளுங்கள்.

தக்கலை, ஒரு அம்மா: டீச்சர், பொண்ணு எட்டாங்கிளாஸ், ரைபிள் சுடுதா. எனக்கு துப்பாக்கியப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் வந்து என்ன செய்ய?

நீங்கள்தான் எனக்கு வேண்டிய ஆள். வேலையில் பாதிக்குத் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். முந்தின நாள் டேப் பிடித்து 10 மீட்டர் அளக்க வேண்டும். டார்கெட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டரில் நிற்கிறதா என்று ஒவ்வொரு லேனாக, அதாவது ஒருவர் நின்று சுடும் தடம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். டார்கெட் அட்டைகளுக்கு எண் போட்டு, லேன் வாரியாகக் கட்ட வேண்டும். அன்றைக்குக் காலையில் வாசலில் பெயர் சரிபார்க்க ஒருவர், சுட்ட அட்டைகளை லேனிலிருந்து ஸ்கோர் அறைக்கு மூடிய பெட்டியில் கொண்டுபோக ஒருவர் வேண்டும். அந்தப் பெட்டி வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது, யாரும் திறந்து பார்க்கக் கூடாது. உங்களை அதற்குத்தான் போடுவேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெல்லட், அதாவது இதில் சுடும் சிறு குண்டு, ஈயம். சுட்ட அட்டையைத் தொட்டவர்களும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பிள்ளைகள் பெல்லட் டப்பாவை மூடிவிட்டு நேராக ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

மார்த்தாண்டம், ஒரு அப்பா: காலையில 9 மணிக்குச் சுட்டவனுக்கு சாயங்காலம் 5 மணிக்குத்தான் ரிசல்ட். அப்படி என்னதான் செய்றீங்க?

கணக்கைப் பாருங்கள். 40 பேர், ஆளுக்கு 60 குண்டு, ரைபிளில் அட்டைக்கு ஒரு குண்டு. 2,400 அட்டை. ஒன்றுக்கு 10 விநாடி என்றாலும் 6 மணி 40 நிமிடம். இருவர் சேர்ந்த ஒரே ஜோடி என்றால் நாள் முழுக்கப் போய்விடும். நான்கு ஜோடி இருந்தால் 1 மணி 40 நிமிடத்தில் முடியும். போன தடவை இரண்டு ஜோடிதான் வந்தது, அதிலும் ஒருவர் மதியம் கல்யாண வீட்டுக்குப் போனார்.

எல்லா அட்டைக்கும் 10 விநாடி போதாது. ரைபிள் அட்டையில் 10 என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. குண்டு 4.5 மில்லிமீட்டர். நடுவில் விழுந்தால் அந்தப் புள்ளியே காணாமல் போகும். 9-ஆ 10-ஆ என்று கண்ணால் சொல்ல முடியாதபோது கேஜ் வைக்கிறோம், துளைக்குள் விட்டு அது எந்த வளையத்தைத் தொடுகிறது என்று பார்க்கும் சிறு கருவி. அதை ஒரு துளைக்குள் ஒரே ஒரு தடவைதான் விடலாம். விட்டவுடன் அட்டையிலேயே மதிப்பை எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். இன்னொரு தடவை விட்டால் துளை பெரிதாகிவிடும், அதற்குப் பிறகு உண்மையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

குளச்சல்: ஏர் ரைபிள் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய்த் துளையோ, குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ இருந்தால் உரிமம் வேண்டும். போட்டிக்கான 10 மீட்டர் ரைபிள் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. வாங்கிய ரசீதைக் கூடவே வைத்திருங்கள், பஸ்ஸில் கொண்டுவந்தால் பெட்டியில் பூட்டிக் கொண்டுவாருங்கள்.

இரணியல், ஸ்கோர் பார்க்கப் பழகும் மாணவி: ஒரே அட்டையில் 2 துளை இருந்தால் என்ன செய்ய, மிஸ்?

நல்ல கேள்வி. முதலில் பதறாதே, யாரையும் திட்டாதே. பக்கத்து லேன்காரன் தவறுதலாக உன் லேனில் சுட்டிருக்கலாம். அவன் அட்டையில் துளை இருக்காது, இங்கே ஒன்று கூடுதலாக இருக்கும். அதனால்தான் இரண்டு லேன் அட்டைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். அட்டைக்குப் பின்னால் வைக்கும் பின்னட்டையும் பேசும், அதை ஒவ்வொரு ரிலேக்கும் (ஒரே நேரத்தில் சுடும் ஒரு குழுவுக்கும்) மாற்றி, ரிலே எண் எழுதி வைத்திருந்தால்.

சுட்டவனுக்கு அந்தக் குண்டு பூஜ்யம். வாங்கிக்கொண்டவன் தண்டனை படக் கூடாது. எது அவனுடையது என்று பிரிக்க முடியாவிட்டால், இருப்பதில் உயர்ந்த மதிப்பை அவனுக்குக் கொடுக்க வேண்டும். இதில் லேனில் நிற்பவரின் பங்கு பெரியது. சந்தேகம் வந்த நொடியில் நேரத்தையும் குண்டு எண்ணையும் சீட்டில் எழுதினால் ஸ்கோர் அறையில் 5 நிமிடத்தில் முடியும். மனசில் வைத்துக்கொண்டால் சாயங்காலம் சண்டைதான்.

களியக்காவிளை: ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ்?

குளச்சல்காரருக்குச் சொன்னதேதான்.

தோவாளை: பழைய ஏர் கன் ஒண்ணு வீட்ல கெடக்கு. தேரூர் குளத்துப் பக்கம் கொக்கு அடிச்சுப் பழகிட்டு போட்டிக்கு வரலாமா?

கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி அது குற்றம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம், பறவைகள் நம்பி வருகிற இடம். உயிருள்ள எதன் மேலும் குழாயை நீட்டிப் பழகியவரை நான் கோட்டருகே நிற்க விட மாட்டேன். பழகுவதற்கு அட்டை இருக்கிறது.

குலசேகரம்: மழைக்காலத்தில் ஏன் தேதியைத் தள்ளிப்போடுகிறீர்கள்? ஹாலுக்குள்தானே நடக்கிறது?

நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் ஏறிய அட்டையில் துளை வட்டமாக விழாது, பிய்ந்துகொண்டு விழும். அதில் கேஜ் வைப்பது சிரமம். அட்டைக் கட்டுகளை பிளாஸ்டிக் உறையில் கட்டி, பலகை மேல், சுவரில் படாமல் வையுங்கள். தரையில் வைத்தால் ஓரம் நெளியும்.

மார்த்தாண்டம் அப்பா மறுபடியும்: ஆள் இல்லேன்னு சொல்றீங்க, பெற்றோர் நாங்க 30 பேரு வெளியில உக்காந்திருக்கோம். ஸ்கோர் அறைக்குள்ள மட்டும் விட மாட்டேங்கிறீங்க. அட்டையில பேரா இருக்கு, நம்பர்தானே?

அந்த நம்பர் உங்கள் பிள்ளையின் முதுகில் ஒட்டியிருக்கிறது, சார்.

மார்த்தாண்டம்: அப்ப எங்களையெல்லாம் கள்ளனுங்கறீங்களா?

இல்லை. ஒரு நாள் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஆள் குறைவு என்று ஒரு தகப்பனாரை ஸ்கோருக்கு உட்கார வைத்தேன். நேர்மையானவர். அவர் மகனின் அட்டையில் 9-க்கும் 10-க்கும் நடுவே ஒரு குண்டு. கேஜை விட்டார், சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை விட்டார், 10 என்று எழுதினார். அந்த ஒரு புள்ளியில் இன்னொரு சிறுமி இரண்டாவது இடத்துக்குப் போனாள். அவள் அம்மா அட்டையைக் கேட்டபோது துளை பிய்ந்து கிடந்தது. அவர் எழுதியது சரியாகவே இருந்திருக்கலாம். என்னால் அதை நிரூபிக்க முடியவில்லை. அந்தச் சிறுமி அதற்குப் பிறகு போட்டிக்கு வரவில்லை. அவரை அங்கே உட்கார வைத்தது நான்தான்.

அருமனை: டீச்சர், இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? என்ட்ரி பீஸ்ல 100 ரூபா கூட்டி, காலேஜ் பயலுவளுக்குக் கூலி குடுத்துக் கூப்பிடலாமே.

அந்த 100 ரூபாய் கட்ட முடியாமல் நிற்கிற வீடுகள் எனக்குத் தெரியும். பெல்லட்டே அவர்களுக்குப் பாரம். அதோடு ஒரு நாள் கூலிக்கு வந்தவர் அடுத்த போட்டிக்கு வர மாட்டார், ஒவ்வொரு தடவையும் கேஜ் பிடிக்கப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மார்த்தாண்டம்: சரி, வழி நீங்களே சொல்லுங்க. எங்களால சும்மா உக்கார முடியல.

ரைபிள் பிள்ளைகளின் பெற்றோர் பிஸ்டல் அட்டை பார்க்கட்டும், பிஸ்டல் பெற்றோர் ரைபிள் அட்டை பார்க்கட்டும். ஜோடியில் ஒருவர் மதிப்பைச் சொல்ல, மற்றவர் தானும் பார்த்துவிட்டு எழுத வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒத்துவராவிட்டால் மூன்றாமவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். பிஸ்டல் அட்டையில் 10-ன் வளையம் 11.5 மில்லிமீட்டர், புதியவர் கண்ணுக்கும் பழகிவிடும். உங்களுக்கு ரைபிள் மகன், அதனால் பிஸ்டல் மேசை. சம்மதமா?

மார்த்தாண்டம்: சம்மதம். கூட மச்சானையும் கூட்டிட்டு வாறேன்.

அவர் பிள்ளை யாரும் சுடவில்லை என்றால் எந்த மேசையிலும் போடலாம். மூன்றாவது ஜோடி வந்துவிட்டது.

பூதப்பாண்டி: பையனுக்கு எந்த ரைபிள் வாங்கலாம்?

கோச்சிடம் கேளுங்கள். பழைய ரைபிள் வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்த வருடத்தை மட்டும் பாருங்கள், 10 வருடம் தாண்டியதைக் கொண்டுவராதீர்கள்.

திங்கள்சந்தை: ஏர் கன் லைசென்ஸ் பற்றி...

மேலே இரண்டு தடவை சொல்லியாயிற்று, வாசியுங்கள். .22 ரைபிள் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆரல்வாய்மொழி: "ஸ்டாப்" சொல்லும்போது துப்பாக்கியில் பெல்லட் இருந்தால் சுட்டுக் காலி பண்ணிவிடலாமா?

கண்டிப்பாகக் கூடாது. கையைத் தூக்கி நில்லுங்கள். ரேஞ்ச் ஆபீசர் வந்து, எங்கே, எப்படி என்று சொன்ன பிறகுதான். காலியானதும் சேஃப்டி ஃப்ளாக்கை, அதாவது துப்பாக்கி காலி என்று காட்டும் நிறக் கயிற்றை, குழாய்க்குள் விட்டு, நுனி வெளியே தெரிய வையுங்கள். ஃப்ளாக் தெரியாத துப்பாக்கி ஒன்று கோட்டில் இருந்தாலும் நான் யாரையும் டார்கெட் பக்கம் நடக்க விடுவதில்லை, கலெக்டரே வந்து நின்றாலும்.

தக்கலை அம்மா: எத்தனை மணிக்கு வரணும் டீச்சர்? என்ன கொண்டு வரணும்?

6.30 மணி. மூக்குக்கண்ணாடி, இரண்டு பேனா, தண்ணீர். காப்பியும் இட்லியும் நாங்கள் தருவோம். சோப்பு குழாயடியில் இருக்கும்.