மின் கார் பழகப்போகும் பிள்ளைக்கு முதலில் வீட்டு வயரிங்

அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு பயம் தெரிகிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்த பிள்ளை கடைசியில் கராஜில் போய் நிற்பானோ என்பது ஒன்று. அவ்வளவு மின்சாரம் ஓடுகிற வாகனத்தில் கை வைத்து ஏதும் ஆகிவிடுமோ என்பது மற்றது. பல்கலைக்கழக அனுமதிக்கு இஸற் புள்ளி காணாததால் மூன்றாந்தரமும் சோதனை எடுக்கட்டும் என்று கனடாவிலிருந்து மாமா சொல்கிறார், தம்பியோ மின் வாகனம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி கேட்பது நல்ல தொழில். மூன்றாந்தரச் சோதனைக்காக இன்னொரு வருடத்தைக் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் நேரே மின் கார் திருத்தும் இடத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். முதலில் வீட்டு வயரிங், அடுத்து வாகன மின்னியல், அதற்குப் பிறகுதான் மின் கார். இந்த வரிசை ஏன் என்பதற்கு ஒரு பிழையை எடுத்துச் சொல்கிறேன்.

வீட்டில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு பழைய நிசான் லீஃப் மின் கார் வருகிறது. அவசரக்காரர் உடனே காருக்குள் இருக்கும் சார்ஜரைக் கழற்றுவார். அது விலை கூடிய சாமான். வேலை தெரிந்தவர் முதலில் கேட்பது, "வேறு வீட்டில் பூட்டிப் பார்த்தீர்களா?" என்று. அங்கே ஏறுகிறது என்றால் பிழை காரில் இல்லை, சுவரில் இருக்கிறது. கையில் கொண்டுபோகும் சார்ஜர்கள் பல, ஏர்த், அதாவது நிலத்துக்குப் போகும் பாதுகாப்பு இணைப்பு, சரியில்லை என்றால் மின்சாரத்தை விடவே மாட்டா. எங்கள் யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல், மேல்மண் பல இடங்களில் மெல்லியது. கோடையில் காய்ந்த நிலத்தில் அடித்த ஏர்த் கம்பி பேருக்குத்தான் நிற்கும். அடுத்தது பிளக். 13 அம்பியர் சொக்கெற்றில் 10 அம்பியரை இரவு முழுக்க இழுத்தால், தளர்ந்த ஒரு திருகாணி போதும், சூடேறிப் பிளாஸ்ரிக் கருகிவிடும். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் பிளக்கின் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பும் பிடித்திருக்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்கிறவன் வயரிங் படித்தவன்.

சுவர் சரியென்றால் பிறகு காருக்கு வரலாம். வெளியே இருக்கும் இந்தச் சார்ஜரும் காரும் ஒரு மெல்லிய வயர் வழியாக ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. பூட்டாமல் இருக்கும்போது அதில் 12 வோல்ற். காரில் பூட்டியதும் 9. கார் மின்சாரத்தை ஏற்கத் தயாரானதும் 6. பூட்டிய பிறகும் 12 இலேயே நின்றால் கார் இருப்பதே சார்ஜருக்குத் தெரியவில்லை: பின்களையும் வயரையும் பார்க்க வேண்டும். 9 இல் நின்றால் சார்ஜருக்குக் கார் தெரிகிறது; சார்ஜரில் பிழை இல்லை என்றால், கார்தான் வேண்டாம் என்கிறது. சாதாரண 12 வோல்ற் பற்றரி இறங்கியிருக்கலாம், பிரதான பற்றரியின் கட்டுப்பாட்டுப் பகுதி மறித்திருக்கலாம், அல்லது யாரோ நேரம் வைத்துவிட்டிருக்கலாம். ஜப்பானில் ஓடி வந்த கார்களில் திரை ஜப்பானிய மொழியில் இருப்பதால் அந்த நேர அமைப்பைக் கவனிக்காமல் விடுவது சுலபம். 6 வரை வந்து, மின்சாரம் பாயத் தொடங்கியதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், எங்கோ மின் கசிவு.

சொல்லக் கேட்க இது இலேசு. ஆனால் சார்ஜர் தயாரானதும் அந்த வயரில் வினாடிக்கு 1,000 தடவை ஏறி இறங்கும் துடிப்பு ஓடும். எத்தனை அம்பியர் எடுக்கலாம் என்று காருக்குச் சொல்வது அதுதான். 10 அம்பியர் சார்ஜர் ஒன்று ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, சாதாரண மீற்றரைப் பிடித்தால் மைனஸ் 9 வோல்ற் அளவில் காட்டும். அது சராசரி. துடிப்பின் மேல்முனை 6, கீழ்முனை மைனஸ் 12. இதை அறியாதவர் நல்ல சார்ஜரையே பழுதென்று தூக்கி வைப்பார். மின் துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப்பில் அலையைப் பார்க்கத் தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். உயர்தரத்தில் படித்தது வீணாகிவிடும் என்று கவலைப்படுகிறீர்களே, அம்மா, அந்தப் படிப்புக்கு வேலை வருவதே இந்த இடத்தில்தான்.

இனி உங்கள் மற்றப் பயம். அது நியாயமான பயம், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். லீஃபின் பிரதான பற்றரியில் 350 வோல்ற் அளவில் இருக்கும், நேர்மின்சாரம் (டி.சி.), ஆளைக் கொல்லும். அதனால்தான் வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. காரை நிறுத்தித் திறப்பைத் தூர வைப்பது, 12 வோல்ற் பற்றரியைக் கழற்றுவது, 1,000 வோல்ற் தாங்கும் இறப்பர் கையுறை போட்டுப் பிரதான பற்றரியின் மின்வழியைத் துண்டிக்கும் பாதுகாப்பு பிளக்கை இழுத்துத் தன் சட்டைப்பையிலேயே வைப்பது, மின்னைச் சேர்த்து வைத்திருக்கும் கொள்ளளவிகள் இறங்கும்வரை கைநூலில் சொன்ன நேரம் காத்திருப்பது, பிறகு மின்சாரம் இல்லை என்று அளந்து பார்ப்பது. அளக்கும் மீற்றர் சரியா என்பதை அதற்கு முன்னும் பின்னும் சோதிப்பது. உயர் வோல்ற் ஓடும் செம்மஞ்சள் கேபிளில் இதற்கு முன் கை படக்கூடாது. பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். கையுறை இல்லாத, அவசரம் அவசரமாகக் கழற்றுகிற இடம் எவ்வளவு சம்பளம் தந்தாலும் பிள்ளையை அங்கே விடாதீர்கள்.

படிக்கும் இடங்கள் தூரத்தில் இல்லை. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே வாகனத் துறையும் மின் துறையும் உண்டு. வேலை செய்துகொண்டே பழக நைற்றாவின், அதாவது அரசின் பயிலுனர் பயிற்சி அதிகார சபையின், பயிலுனர் வழி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ, கிடைக்க வேண்டும். 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஆகவே பட்டத்துக்கான கதவு மூடவில்லை என்று மாமாவிடம் சொல்லுங்கள். ஆங்கிலம் வாசிப்பதை மட்டும் தம்பி கைவிடக்கூடாது, வயரிங் படங்களும் கைநூல்களும் அதில்தான் இருக்கின்றன.

வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு, சீனத் தயாரிப்பான புதிய மின் கார்களும் வருகின்றன. அவற்றின் சார்ஜ் வாய் பழைய லீஃபின் வாயிலிருந்து வேறு. ஆனால் மேலே சொன்ன 12, 9, 6 இரண்டிலும் ஒன்றுதான். மின் ஸ்கூட்டரும் முச்சக்கர வண்டியும் பெரும்பாலும் வேறு விதம், அவற்றின் சார்ஜர் நேரே பற்றரிக்கே நேர்மின்சாரம் கொடுக்கும். வோல்ற் குறைவு என்பதால் தம்பி தொடக்கத்தில் கை பழக அவை நல்லவை.

இந்த வாரம் உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புப் பகுதி உத்தியோகத்தரைச் சந்தித்து, அடுத்த அனுமதி எப்போது என்று கேளுங்கள். பயிற்சி நிலையத்துக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு வாகனத்துக்கு எத்தனை மாணவர், மீற்றரைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பார்களா, கையுறை எத்தனை சோடி இருக்கிறது என்று அவனே கேட்கட்டும்.