பித்தளைப் பக்கத்தை மூடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் எங்களுக்குப் பாத்திரக்கடை. எவர்சில்வர்தான் பிரதானம், ஒரு பக்கம் மட்டும் பித்தளை. போன வருடம் பித்தளை 15 லட்சத்துக்கு விற்றது. கொள்முதல் 12 லட்சம், அந்தப் பக்கம் நிற்கும் பையனின் சம்பளம் 1.8 லட்சம், வாடகையிலும் கரண்டிலும் அதன் பங்கு 2 லட்சம். ஆக 80,000 ரூபாய் நஷ்டம். மூடிவிடச் சொல்கிறார் ஆடிட்டர். அப்பா ஆரம்பித்த பிரிவு, மனம் வரவில்லை. 1985ல் அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி, தான் செய்துவந்த மெமரி சிப் தொழிலையே கைவிட்டதாகப் படித்தேன். எனக்குத்தான் அந்தத் துணிச்சல் இல்லையோ?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பா ஆரம்பித்தது என்பதை முதலில் தள்ளி வையுங்கள். நீங்கள் நன்றாக இருக்கத்தான் அவர் கடை வைத்தார், பித்தளை நன்றாக இருக்க அல்ல. துணிச்சல் பேச்சும் வேண்டாம். இன்டெல் மெமரியை விட்டபோது அந்த இடத்தைப் பிடிக்க கம்ப்யூட்டரின் மூளையான மைக்ரோபிராசசர் காத்திருந்தது. சிப்களை வார்க்கும் சிலிக்கான் தகடான ஒரு வேஃபரில் எதைச் செய்தால் அதிகம் மிஞ்சும் என்று பார்த்து, மேலிடம் முடிவெடுக்கும் முன்பே உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் காலி செய்யும் அலமாரியில் எதை அடுக்கப் போகிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை!

எனக்குக் கோபம் வந்தது அந்த 2 லட்சத்தைப் பார்த்துத்தான். பித்தளையை எடுத்துவிட்டால் கட்டடக்காரர் வாடகையைக் குறைத்துக்கொள்வாரா? மாட்டார். அந்தத் தொகை அப்படியே எவர்சில்வர் தலையில் விழும். கொள்முதலும் சம்பளமும் போக பித்தளை தரும் 1.2 லட்சம் மட்டும் நின்றுபோகும். பையனை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் வேறு பக்கம் நிறுத்தினால், போவது 3 லட்சம். அடுத்த வருடம் அதே வாடகையைச் சுமந்து குக்கர் நஷ்டம் காட்டும், அதையும் மூடச் சொல்வார்கள். இப்படியே போனால் வாடகைக்குக் கடை இருக்கும், விற்கச் சரக்கு இருக்காது.

சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி இருக்கிறதே, அது உண்மையான செலவு. அதைக் கணக்கில் காணோம். வருடக்கணக்கில் தூங்கும் அண்டாக்களைக் கழியுங்கள். பெரிய குத்துவிளக்கை யாராவது கேட்டால் நாச்சியார்கோயிலில் சொல்லி வரவழைத்துக் கொடுங்கள்.

கும்பகோணத்தில் என் சித்தப்பாவும் பாத்திரக்கடைதான் வைத்திருந்தார். திண்ணையில் ஈயம் பூசும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கரி அடுப்பில் பாத்திரத்தைக் காயவிட்டு நவச்சாரத்தைத் தூவுவார், குபீரென்று வெள்ளைப் புகை எழும். ஈயத்தை ஒரு இழுப்பு இழுத்துத் துணியால் துடைத்தால், கறுத்த உட்புறம் வெள்ளிபோல் ஆகிவிடும். கூலி முழுக்க அவருக்கு, கடைக்குக் காலணா கிடையாது. ஆனால் பாத்திரம் கொண்டுவந்த பெண்கள் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே வந்து ஒரு கரண்டி, ஒரு டபரா என்று எதையாவது எடுப்பார்கள். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கவும் அதே கடைக்குத்தான் வருவார்கள். கணக்குப்பிள்ளை பேச்சைக் கேட்டுத் திண்ணையைக் காலி செய்து பிளாஸ்டிக் குடம் அடுக்கினார் சித்தப்பா. பெரியவர் இரண்டு தெரு தள்ளி வேறொரு கடை வாசலில் உட்கார்ந்தார். சீர் வாங்குகிறவர்களும் அங்கே போனார்கள். எந்தப் பேரேட்டிலும் அதற்குக் காரணம் எழுதியிருக்கவில்லை. சித்தப்பா கடைசிவரை ஊரில் கூட்டம் குறைந்துவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

போன தை, வைகாசி, ஆவணி மாத பில் புத்தகங்களை எடுங்கள். பித்தளையும் எவர்சில்வரும் சேர்ந்து வரும் பில்களைத் தனியாகப் பிரித்து, அவற்றில் எவர்சில்வர் எவ்வளவு என்று கூட்டுங்கள். அது சொற்பம்தான், காலி அலமாரியில் வேறு சரக்கு வைத்து 1.2 லட்சத்துக்கு மேல் எடுக்கவும் முடியும் என்றால் தாராளமாக மூடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். கூட்டிப் பார்க்காமல் மட்டும் ஆடிட்டரிடம் திரும்பப் போகாதீர்கள்.