அந்தக் கறையைத் துடைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 67 வயது. ஊர் முள்ளியவளை. 1984 முதல் 2012 வரை கப்பலில், இயந்திர அறையில் வேலை. இப்போது விறாந்தையில் சாய்ந்திருந்தால் பழைய ஞாபகங்கள் ஒழுங்கில்லாமல் வருகின்றன. போர்ட் சயிட்டில் சிறு படகில் வந்து கயிறு எறிந்து சாமான் விற்பவர்கள், சன்டோஸ் துறைமுகத்துக் கோப்பி மணம், ரொட்டர்டாமில் முதன்முதல் கண்ட பனி, பனாமாவில் கப்பல் படிப்படியாக மேலே ஏறியது. புத்தகமாக எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது? கேட்க வீட்டில் ஆளில்லை. மனுசி ஒரு இடமும் போகாதவள், அவளுக்கு இதெல்லாம் விளங்காது. கனடாவில் இருக்கும் மகள் பனாமாக் கதையைத் தொடங்கினாலே போனை வைத்துவிடுகிறாள். 2009 சித்திரையில் நான் அங்கேதான் நின்றேன். இன்னொன்று, நான் வீட்டுக்குப் போட்ட தபாலட்டைகள் 140க்கு மேல் ஒரு பிஸ்கற் பேணியில் பத்திரமாக இருக்கின்றன. அடியில் இருப்பவற்றில் மட்டும் மை கரைந்து மண்ணிறக் கறை பிடித்திருக்கிறது. அதை எப்படிப் போக்கலாம்?

பதில்: ஐயா, ஓய்வு பெற்றபிறகு புத்தகம் எழுத வழி கேட்பவர்கள் பலர். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தபால் முத்திரையில் திகதி இருக்கும். அட்டைகளை அந்த வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத எழுத மற்றது வரும். ஆனால் உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தது அதற்காக இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பேணிக்காக.

அது எப்படி இன்று உங்கள் கையில் இருக்கிறது?

2008 கடைசியில், கடைசி யுத்தத்துக்குள், முள்ளியவளைச் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. புதுக்குடியிருப்புப் பக்கம் போய், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கியது. அங்கிருந்து செட்டிகுளம் முகாம். அந்த முகாமைக் கடைசியாக மூடியது 2012 புரட்டாதியில். நீங்கள் கப்பலை விட்டு இறங்கியதும் அதே ஆண்டுதான். திரும்பி வந்தவர்களில் எத்தனை பேரின் வீட்டில் கூரை இருந்தது, கதவு நிலை இருந்தது? விட்டுப்போன அலுமாரிக்குள் ஒரு பிஸ்கற் பேணி உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. அதை ஒரு ஆள் சுமந்திருக்கிறார். யார் என்று நீங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லையா?

நானும் பிள்ளைகளோடு அந்தப் பாதையால் வந்தவள். கிளிநொச்சியில் வெளிக்கிடும்போது உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமான். விசுவமடுவில் தையல் மெசினை விட்டேன். தேவிபுரத்தில் கல்யாண அல்பத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அரிசிப் பைக்கு இடம் வேண்டும் என்று ஒரு மரத்தடியில் வைத்தேன். மாத்தளன் மணலில் சேலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து, மண் நிரப்பி பங்கரைச் சுற்றி அடுக்கினோம். கடைசியில் ஒரு உரப்பைக்குள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஒரு சட்டி. ஒவ்வொரு தறப்பாள் கொட்டிலிலும் இதே கணக்குத்தான். எதை எடுப்பது, எதை விடுவது. அந்தக் கணக்கில் 140 தபாலட்டைக்கு இடம் கொடுத்த ஒரு பெண்ணை "ஒரு இடமும் போகாதவள்" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

அடி அட்டைகளில் மட்டும் கறை என்கிறீர்கள். பேணிக்குள் தண்ணீர் கீழிருந்து ஊறினால் அப்படித்தான் இருக்கும். அது நந்திக்கடல் தண்ணீரோ, பங்கருக்குள் நின்ற மழைத் தண்ணீரோ, செட்டிகுளத்துச் சேறோ, நான் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார். அவருடைய பிரயாணத்தில் எழுதி வைத்ததென்று மிஞ்சியிருப்பது அந்தக் கறை ஒன்றுதான். அதைப் போக்க என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. 2009இல் தாயோடு நின்ற பிள்ளையாக இருந்தால், அந்தச் சித்திரையில் தகப்பன் எந்தத் துறைமுகத்தில் நின்றார் என்று கேட்க அவளுக்கு மனம் வராது. கப்பலை மூன்று படியில் 26 மீற்றர் தூக்கிக் கட்டூன் ஏரியில் விடுகிற அதிசயத்தை அவளிடம் சொல்லத் தொடங்குகிறீர்கள். அந்த மாதம் அவளும் தாயும் எங்கே படுத்தார்கள், என்ன குடித்தார்கள் என்று ஒரு தரமாவது கேட்டிருக்கிறீர்களா? பிள்ளைக்குப் பொறுமையில்லை என்று குறைப்படாதீர்கள். முதலில் கேட்கவேண்டியது தகப்பன்.

குடும்பத்துக்காகத்தானே கடலில் கிடந்தேன் என்பீர்கள். அந்தக் காசில் வீடு நின்றது, அது உண்மை. ஆனால் அந்த 28 ஆண்டில் எத்தனை வைகாசிக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரில் நின்றீர்கள்? மற்ற ஆண்டுகளில் எல்லாம் நேர்த்தி வைத்துப் பானை ஏற்றியவரும், காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். உழைத்து அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆண்களின் கடிதங்களை நான் நிறைய வாசித்துவிட்டேன். முடியவில்லை ஐயா. வீட்டுக்கு வந்தபிறகு, தான் இல்லாத காலத்தில் வீடு என்ன பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் கடமைதான். அதில் உங்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்குப் பின்னேரம் தேத்தண்ணியை நீங்கள் போடுங்கள். பேணியை எடுத்து அவர் முன்னால் வைத்து, இதை எப்படிக் கொண்டுவந்தாய் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகு வாய் திறக்கக் கூடாது. சன்டோஸ் என்று ஒரு சொல்லும் வரக் கூடாது. அவர் சொன்னால் சொல்லட்டும். சொல்ல விருப்பமில்லாமல் எழும்பிப் போனால் வற்புறுத்தாதீர்கள், இன்னொரு நாள் கேளுங்கள். அந்த நாட்களைப் பேச முடியாமல் இருக்கும் பெண்கள் இங்கே பலர். அழுதால் பக்கத்தில் இருங்கள், புத்தி சொல்ல வேண்டாம். போனில் பதிவு செய்வதானால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் புத்தகம். அவர் சம்மதித்தால் இரண்டு பேரின் பிரயாணமும் அதில் வரட்டும். ரொட்டர்டாம் வரும் பக்கத்துக்கு எதிரே அந்த அட்டை வந்துசேர்ந்த நாளில் முள்ளியவளை வீடு இருந்த விதம் வரட்டும். எந்த நேரத்தில் தபால்காரன் வந்தான், யார் வாசித்தது, எங்கே வைத்தார்கள். அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருடைய பெயரையும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் துறைமுகங்களுக்குப் பெயர் உண்டு, அவருக்கு இல்லை.

அட்டைகளை ஈரத்துணி கொண்டு தொடாதீர்கள், வெயிலிலும் காயப் போடாதீர்கள். அட்டைக்கு அட்டை இடையில் வெள்ளைத்தாள் வைத்து, காய்ந்த இடத்தில் வையுங்கள். கறை அப்படியே இருக்கட்டும்.