கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரமா, நான்கு மணி நேரமா?

ஏறக்குறைய நான்கு மணி நேரம். டிக்கெட்டில் காலை 8.30க்குப் புறப்பட்டு 10.00 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், 8.30 மலேசிய நேரம், 10.00 இந்திய நேரம். இந்தியக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. திரும்பி வரும் டிக்கெட்டைப் பாருங்கள், அதே பயணம் ஆறரை மணி நேரம் போலத் தெரியும்.

இதில் எங்கள் வீட்டிலேயே ஒருவர் மாட்டிக்கொண்டார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியப்பாவுக்கு, "ஊருக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்" என்பது மனப்பாடம். ஒரு காலத்தில் அது சரிதான். 1981 முடியும் வரை தீபகற்ப மலேசியா கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரத்தைக் கூட்டி, சபா சரவாக்கோடு ஒன்றாக எட்டு மணி ஆக்கினார்கள். பெரியப்பா இன்னும் கூட்டவில்லை! போன முறை டிக்கெட்டில் இருந்த 10.00 மலேசிய நேரம் என்று எண்ணி, அதில் இரண்டைக் கழித்து, "எட்டு மணிக்கே வந்துவிடுங்கள்" என்று துறையூர்ச் சொந்தங்களுக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் திருச்சி நிலைய வாசலில் வந்து நின்றபோது, இவர் நிக்கோபாரைத் தாண்டி வங்கக் கடலுக்கு மேலே இருந்திருப்பார்.

தூரம் நேர்கோட்டில் சுமார் 2,690 கிலோமீட்டர். சென்னை அறுபது எழுபது கிலோமீட்டர் கிட்டம், அவ்வளவுதான். மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்தால் மூன்று மணி பத்து நிமிடம்தானே வருகிறது என்பீர்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அட்டவணை நேரத்தில் அடக்கம். காற்றும் தன் பங்கைக் கேட்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். போகும்போது அது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். ரஜூலா கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்து வந்த பாட்டியிடம் இந்தப் பத்து நிமிடக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்.

எங்களைப் போன்ற தோட்டப்புறத்துக்காரர்கள் வேறொன்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து, கோலாலம்பூர் விமானங்கள் புறப்படும் சிப்பாங் விமான நிலையம் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேன் பிடித்து, தாப்பா ஓய்விடத்தில் தேநீருக்கு நிறுத்தினால், அதுவே நான்கு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். ஆக, காலை 8.30 விமானத்துக்கு நள்ளிரவு தாண்டியதும் வீட்டைப் பூட்ட வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் இன்னும் முன்னால். போகுமிடம் சென்னைப் பக்கம் என்றால் பினாங்கையும் பாருங்கள்: வானில் சுமார் 2,370 கிலோமீட்டர்தான், 2024 டிசம்பரில் இண்டிகோ அங்கிருந்து நேரடி விமானம் தொடங்கியது. எங்களுக்குச் சாலையும் பாதிதான்.

அழைக்க வருபவரிடம் டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரத்தை அப்படியே சொல்லுங்கள். எதையும் கழிக்க வேண்டாம். பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம்.