தெர்மோகோலைத் தின்னும் பசை: ஸ்ப்ரே பசை பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

ஆர்சி விமானமும் (ரிமோட்டில் ஓட்டும் சிறு விமானம்) கிளைடரும் கட்டுகிறவர்கள் பசை பற்றிக் கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "ஸ்ப்ரே அடித்தேன், ஃபோம் போச்சு." அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கோவை, கல்லூரி மாணவர்: அண்ணா, ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஸ்ப்ரே பசையைத் தெர்மோகோல் இறக்கையில் அடித்தேன். இரண்டே நிமிடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக விழுந்துவிட்டது. போலிச் சரக்கா?

போலி எல்லாம் இல்லை தம்பி, அசல்தான். கேனில் இருக்கும் பசை ஒருவகை ரப்பர். அது தெர்மோகோலை ஒன்றும் செய்யாது. அந்த ரப்பரைத் தண்ணீர் மாதிரி இளக்கி வைத்திருக்கும் கரைப்பான்தான் தின்கிறது. தெர்மோகோல் என்பது காற்றடைத்த பாலிஸ்டைரீன். அசிட்டோன், டொலுவீன், பெயின்ட் தின்னர், பெட்ரோல் எது பட்டாலும் அது உருகி ஒட்டிக்கொள்ளும். சில கேன்களில் பசையை வெளியே தள்ளும் வாயுவே டைமெத்தில் ஈதர். அதுவும் பாலிஸ்டைரீனை விடாது. நானும் முதல் இறக்கையை இப்படித்தான் தொலைத்தேன். ராத்திரி ஒட்டி, மேலே புத்தகங்களை அடுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் தோல் மட்டும் இருக்கிறது, உள்ளே சதையைக் காணோம்.

புதுக் கேன் வாங்கினால், அது எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, முதலில் வெட்டி எறிந்த துண்டில் அடித்துப் பாருங்கள். இரண்டு துண்டுகளை ஒட்டி மூடியும் பாருங்கள். திறந்த பரப்பில் கரைப்பான் பறந்துவிடும். மூடிய இடத்தில் சிக்கிக்கொண்டு மெதுவாகத் தின்னும். என் இறக்கைக்கு நடந்தது அதுதான்.

அதே மாணவர்: அப்படியானால் எந்தக் கேன் வாங்குவது? கடைக்காரர் "ஃபோமுக்கு ஏற்றது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்த "ஃபோம்" என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. கடைக்காரர் மனதில் இருப்பது சோபா மெத்தைக்குள் வைக்கும் பாலியூரித்தேன் பஞ்சு. அது இந்தக் கரைப்பான்களில் கரையாது. எனவே கேனில் "ஃபோம்" என்று இருந்தால் போதாது, "பாலிஸ்டைரீன்" என்ற சொல்லையே தேடுங்கள். 3எம் நிறுவனத்தின் 78 என்ற எண்ணுள்ள கேன் பாலிஸ்டைரீன் ஃபோமுக்கென்றே வருவது. அதே நிறுவனத்தின் 90 பலமானது, மரத்துக்கும் லேமினேட்டுக்கும் அருமை; தெர்மோகோலுக்கு எமன். சூப்பர் 77 இரண்டுக்கும் நடுவே. நெருக்கமாக, ஈரம் தெரிய அடித்தால் தின்னும். ஓர் அடிக்குக் குறையாத தூரத்திலிருந்து பனித்தூவல் போல அடித்தால், கரைப்பானில் பெரும்பகுதி வழியிலேயே பறந்துவிடும். ஃபோமில் பசை மட்டும் உட்காரும். பழைய ஆட்கள் பலர் இப்படித்தான் காலம் ஓட்டினார்கள். கை பழகாதவர் 78-ஐ வாங்குவது நல்லது.

யாழ்ப்பாணம்: அண்ணை, நாங்கள் இங்க ரெஜிபோம் எண்டு சொல்லுறம், அதுவும் நீங்கள் சொல்லுற தெர்மோகோலும் ஒண்டுதானே? பெட்டிக்குள்ள வந்த கறுப்பு ஃபோம் ஒண்டும் கிடக்கு, அது என்ன எண்டு விளங்கேல்ல.

ரெஜிபோமும் தெர்மோகோலும் ஒன்றேதான். உடைத்தால் ஜவ்வரிசி மாதிரி மணிமணியாக உதிரும். உதிராமல், வெட்டிய முகம் வழவழவென்று இருந்தால் அது எக்ஸ்பிஎஸ். டெப்ரான் தகடு இந்த ரகம். தரைக்கு அடியில் வெப்பக்காப்பாகப் போடத்தான் அதைச் செய்தார்கள், விமானக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டுமே பாலிஸ்டைரீன், இரண்டுக்கும் ஒரே ஆபத்து.

உங்கள் கறுப்பு ஃபோமைக் கையால் நசுக்கிப் பாருங்கள். உடையாமல் பழைய உருவத்துக்குத் திரும்பினால் பெரும்பாலும் இபிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். சந்தேகம் தீர ஒரு சிறு துண்டை அசிட்டோனில் போடுங்கள். தெர்மோகோல் சுருங்கிக் கூழாகும், இபிபி அப்படியே கிடக்கும். கரையாது என்பது அதன் வரம். எதுவும் சுலபத்தில் ஒட்டாது என்பது சாபம். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு தரம் ஸ்ப்ரே அடித்து, ஒவ்வொரு தரமும் காயவிட்டு, அதன் மேல் ஃபைபர் டேப்போ லேமினேஷன் ஃபிலிமோ ஒட்டினால் பிடிக்கும். மலைச்சரிவில் பறக்கவிடும் கிளைடர்களுக்கு இந்த முறைதான். மோதினாலும் எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி எறியலாம்.

திருச்சி: சார், ஃபோம் கோர் (உள்ளே ஃபோம் வைத்த) இறக்கைக்கு மேல் 1.5 மிமீ பால்சா (லேசான மரம்) தகடு ஒட்ட வேண்டும். எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்து இறுகும் பசை) கலந்து பூசி ஒரு நாள் காத்திருப்பதற்குப் பதில் ஸ்ப்ரே அடித்தால் பத்து நிமிடத்தில் முடிகிறதே?

முடியும். இறக்கையும் சேர்ந்து முடியும், உடனே இல்லை, ஒரு வெயில் காலம் கழித்து.

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. மேல்தோல் அமுக்கப்படுகிறது, கீழ்த்தோல் இழுக்கப்படுகிறது. இந்தச் சுமையைத் தாங்குவது அந்தப் பால்சா தோல். உள்ளே இருக்கும் ஃபோமின் வேலை, தோல் பிதுங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டும். இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் பசை இறுகாமல் ரப்பராகவே இருந்தால், தொடர்ந்து சுமை ஏறும்போது மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகரும். ஏப்ரல் வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மதியம் வைத்துப் பாருங்கள், தோல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கையால் தட்டினால் 'டப் டப்' என்று கேட்கும் இடமெல்லாம் ஒட்டு விட்ட இடம்.

எனவே தோலுக்கு எபாக்ஸிதான், அதுவும் மெதுவாக இறுகும் ரகம். தகட்டில் ஊற்றி, பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து வழித்து எடுங்கள். மரம் ஈரமாகத் தெரிய வேண்டும், பளபளக்கக் கூடாது. ஹாட் வயரில் (மின்சாரத்தில் சூடாகும் கம்பி) கோர் வெட்டும்போது மேலும் கீழும் மிஞ்சும் கூடுகளைத் தூக்கி எறியாதீர்கள். இறக்கையின் வளைவுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் அச்சு அதுதான். அதற்குள் வைத்து மேலே செங்கல் அடுக்கிவிட்டால் போதும். நல்ல கார்பன் ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் தண்டு) இருந்து, சிறிய, மெதுவாகப் பறக்கும் மாதிரி என்றால் தோலுக்கு ஸ்ப்ரே போதும். அங்கே சுமையை ஸ்பார் ஏற்றுக்கொள்கிறது.

சென்னை: ஃபோமுக்கு மேல் ஃபைபர் கிளாஸ் போடலாம் என்று இருக்கிறேன். துணி வழுக்கிக்கொண்டே போகிறது. ஸ்ப்ரே அடித்து நிறுத்தி வைத்துவிட்டு ரெசின் (துணியை நனைத்து இறுகும் பிசின்) பூசலாமா?

பூசலாம். ஆனால் முதலில் கையில் இருப்பது எந்த ரெசின் என்று பாருங்கள். ஃபைபர் கடையில் "ரெசின்" என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். அதை இளக்கி வைத்திருப்பது ஸ்டைரீன்; பாலிஸ்டைரீனைக் கரைக்க அதைவிட நெருங்கிய சொந்தக்காரன் வேண்டுமா? வினைல் எஸ்டரும் அப்படியே. தெர்மோகோலுக்கு எபாக்ஸி மட்டும்.

இது பொம்மை விமானங்களுக்கு மட்டுமான விதி இல்லை. அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் 1975-இல் வேரிஈஸ், 1979-இல் லாங் ஈஸி என்று மனிதர் ஏறிப் பறக்கும் விமானங்களையே இந்த வழியில் கட்டிக்காட்டினார்: நீல நிற பாலிஸ்டைரீன் ஃபோமை ஹாட் வயரால் இறக்கை வடிவத்தில் வெட்டி, அதன் மேல் நேரடியாகக் கண்ணாடித் துணியும் எபாக்ஸியும். அச்சே கிடையாது. துணி போடுவதற்கு முன், எபாக்ஸியில் நுண்ணிய கண்ணாடிக் கோளங்களைக் கலந்து மாவுப் பதத்தில் ஃபோமில் தேய்ப்பார்கள். ஃபோமின் துளைகளை அந்த லேசான மாவு அடைத்துவிடுவதால் கனமான ரெசின் வீணாக உள்ளே இறங்காது. நமக்கும் அது பொருந்தும்.

ஒரு சின்னக் கணக்கு: இறக்கைப் பரப்பு 0.3 சதுர மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 0.6. சதுர மீட்டருக்கு 49 கிராம் துணி போட்டால் துணி சுமார் 30 கிராம், நன்றாக வழித்தால் ரெசினும் அதே அளவு. வழிக்கத் தவறினால் ரெசின் மட்டும் இரண்டு மடங்காகும்.

இனி ஸ்ப்ரே. துணியில் அடியுங்கள், ஃபோமில் வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு வீச்சு, அவ்வளவுதான். பசை கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். பசைத் திட்டு இருக்கும் இடத்தில் ரெசின் இழைக்குள் இறங்காது. அங்கே துணிக்கும் ஃபோமுக்கும் நடுவே ரப்பர் படலம் நிற்கும், உரிக்க அதுவே பிடி. வேக்குவம் இன்ஃப்யூஷன் (காற்றை உறிஞ்சி ரெசினைத் துணிக்குள் இழுக்கும் முறை) செய்கிறவர்களுக்கு இன்னும் மோசம். ரெசின் ஓடும் பாதையே அடைபடும்.

நாகப்பட்டினம்: ஐப்பசி மாதத்தில் ஒட்டினால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. சித்திரையில் அதே கேன் நன்றாகப் பிடித்தது.

கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் குளிர்ந்த பசையின் மேல் பனி படிகிறது, ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பது மாதிரி. லேசான வெண்மை தெரியும். அந்த ஈரத்தோடு சேர்த்து அழுத்தினால் தண்ணீர் நடுவே மாட்டிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் அடித்து, வெண்மை மறையும் வரை ஃபேன் காற்றில் வையுங்கள். விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள்: ஒட்ட வேண்டும், நூலிழை இழுக்கக் கூடாது. அதுதான் சேர்க்கும் நேரம்.

சிங்கப்பூர்: ஊருக்கு வரும்போது இரண்டு கேன் எடுத்துவரவா?

வேண்டாம். எளிதில் தீப்பற்றும் கேன்; கைப்பையிலும் கூடாது, செக் இன் பெட்டியிலும் கூடாது. பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

மதுரை: வீட்டில் இடமில்லை, சமையலறை மேடையில்தான் வேலை. மாஸ்க் போட்டுக்கொள்கிறேன், போதுமா?

போதாது தம்பி. துணி மாஸ்க்கும் என்95-உம் தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் தனியாக உண்டு. இந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்து அறையில் சாமி விளக்கு எரிந்தால் அங்கேயே போய் நிற்கும். மொட்டை மாடிக்குப் போங்கள். ஆனால் கேனை அங்கேயே வெயிலில் விட்டுவிட்டு வராதீர்கள், 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். இதைச் சொல்லும்போதே இன்னொன்று: ஹாட் வயரால் தெர்மோகோல் வெட்டலாம், பாலியூரித்தேன் ஃபோமை ஒருபோதும் வெட்டாதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரும்.

சேலம்: ஃபெவிகால் போதாதா?

மரத்தோடு ஃபோம் என்றால் வெள்ளை ஃபெவிகால் தாராளம்; நீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும். ஃபோமோடு ஃபோம் என்றால் நீர் வெளியேற வழியில்லை. ஒரு வாரம் கழித்துப் பிரித்தாலும் நடுவில் பால் மாதிரியே இருக்கும். ஃபெவிக்விக் கிட்டவே போகாதீர்கள், தெர்மோகோலில் ஓட்டை போடும்.

வேலூர்: ஃபோமில் தெறித்த பசையை எதை வைத்துத் துடைப்பது? கையிலும் பிசுபிசு.

கைக்குத் தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்பு. ஃபோமுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அது பாலிஸ்டைரீனைத் தொடாது. அதுவும் முழுதாக எடுக்காது, மீதியை விரலால் உருட்டி எடுங்கள். ஆரஞ்சு எண்ணெய் கலந்த கிளீனரை "இயற்கையானது, பாதுகாப்பானது" என்று விற்பார்கள். ஆரஞ்சுத் தோலைப் பலூன் பக்கத்தில் பிழிந்து வெடிக்க வைத்த ஞாபகம் இருக்கிறதா? அதே எண்ணெய்தான். தெர்மோகோலையும் கரைத்துவிடும்.