மூச்சை எண்ணிப் பாருங்கள்: ஆம்புலன்ஸ் சிகிச்சை பற்றி வாசகர் கேள்விகள்

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அப்பாவை உடனே தூக்கிக்கொண்டு போகாமல், உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏன்?

சிகிச்சை தொடங்குவதே அங்கேதான். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு எப்படி, ரத்த ஓட்டம் எப்படி, நினைவு எப்படி, உடையை விலக்கினால் காயமோ தடிப்போ தெரிகிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். ஒன்றில் சிக்கல் என்றால் அதைக் கவனித்த பிறகே அடுத்தது. பீறிடும் ரத்தம் மட்டும் விதிவிலக்கு, அதை முதலில் அழுத்தி நிறுத்துவோம்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி 97 சதவீதம் காட்டியது. ஆனாலும் நிலைமை மோசம் என்றார்கள். எதை நம்புவது?

நோயாளியை. உடல்நிலை சரியும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் வேகம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அது 30-ஐத் தொட்டால், 97 என்ற எண் எனக்கு நிம்மதி தராது. அந்த 97-ஐப் பிடித்து வைக்கவே உடல் படாதபாடு படுகிறது. காறை எலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுக்கிறதா பாருங்கள். பேச்சுக் கொடுங்கள், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறாரா? அப்புறம், ஆஸ்துமாவில் இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கி, ஆளும் சோர்ந்துபோனால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் சலிக்காமல் சொல்வது இதுதான்: கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்.

மயங்கியவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ரத்தச் சர்க்கரையை நாங்கள் வந்ததும் பார்த்துவிடுவோம்.

வாயைத் திறந்து, விட்டு விட்டு மூச்சு இழுத்தார். ஆனால் இதயம் நின்றிருந்தது என்றார்கள். எப்படி?

அது மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அப்படி இழுக்கலாம். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது போக வேண்டும். விலா எலும்பு முறியுமே என்று கை தளர வேண்டாம். முறிந்த விலா கூடிவிடும்.

பக்கவாதத்தில் நேரத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே?

ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போக வேண்டும். காலையில் எழும்போதே வாய் கோணியிருந்தது என்றால், இரவு கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார் என்று சொல்லுங்கள்.